எல்லையில் நின்ற குட்டி யானை

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பதினொன்றே கால் மணிக்கு என் போன் அடித்தது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ராத்திரியில் போன் அடித்தால், ‘எந்த ஊரில் எந்த மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதோ’ என்றுதான் மனசு இன்னும் பதறுகிறது.

எடுத்தேன். ஒரு பெண் குரல்.

“சார், மன்னிச்சுக்கோங்க. நான் உங்க பக்கத்தை வாராவாரம் செல்லுல படிக்கிறவ. எங்க பால் சொசைட்டி செக்ரட்டரிகிட்ட உங்க நம்பரை வாங்கினேன். எங்க மாட்டை எல்லையில நிறுத்திட்டாங்க சார்.”

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். மகளிர் குழுவில் கடன் எடுத்து, போதாததற்குக் கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்து, கோலார் பக்கத்துச் சந்தையில் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் வாங்கியிருக்கிறார். இரண்டும் ரெண்டாம் ஈத்து. நேரமும் நல்ல நேரம், விலையும் நல்ல விலை என்று தரகர் சொல்லியிருக்கிறார். ஒரு குட்டி யானை வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். எல்லைச் சாவடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டாராம். ‘ஹெல்த் சர்டிபிகேட் எங்கே?’

“திருட்டு மாடா சார்? காசு குடுத்த சீட்டு கையில இருக்கு. சொந்தக் காசுல வாங்குன மாட்டை சொந்த வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்?”

அழுகையும் கோபமும் கலந்த குரல். அந்தக் கேள்வியை என் சர்வீஸில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்த வாரம் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

அன்று ராத்திரி அவரிடம் சொன்னது இதுதான். “முதல்ல மாட்டைக் கீழே இறக்குங்கம்மா. ராத்திரி முழுக்க வண்டியிலயே நிக்க வைக்காதீங்க. சாவடிக்காரங்ககிட்ட கேட்டு ஓரமா கட்டுங்க. தண்ணி காட்டுங்க. பக்கத்துல வேற மாடு எதுவும் இருக்கக் கூடாது. விடிஞ்சதும் வந்த வழியே திரும்பிப் போய், கர்நாடகத்துல கடைசியா தாண்டுன ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

காலை ஒன்பதரைக்கு மறுபடி போன். இந்த முறை அந்த ஊர் டாக்டரே பேசினார். பாதி கன்னடம், பாதி தமிழ். “ஒரு மாட்டுக்கு நூத்தி நாலு டிகிரி ஜுரம். கையெழுத்து போட மாட்டேன் சார். கூட வந்த மாட்டுக்கும் போட மாட்டேன். ரெண்டும் ஒரே வண்டியில மூச்சு விட்டிருக்கு.”

மாட்டுக்கு நூற்றியொன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருந்தால் சாதாரணம். நூற்றி நாலு என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. அந்த அம்மா போனை வாங்கி, “இப்ப நான் என்ன சார் பண்ணுவேன்?” என்று கேட்டார். அவர் என்ன பண்ணினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முகத்தில் தெரியாத நோய்

சந்தையில் மாடு பார்க்கப் போகிறோம். பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், மடியைப் பிடித்துப் பார்க்கிறோம், பால் கறந்து பார்க்கிறோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடிக்கிறோம். இத்தனையும் பார்த்தும் தெரியாத ஒன்று உண்டு. அந்த மாடு நேற்று எந்த மாட்டோடு நின்றது என்பது.

கோமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் காணை என்பார்கள். அந்தக் கிருமி மாட்டுக்குள் போனதிலிருந்து வாயில் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். கொப்புளம் வருவதற்கு முன்பே அந்த மாட்டின் பாலில்கூடக் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். அதாவது, பார்வைக்கு நன்றாக இருக்கும் மாடு அது நிற்கும் இடத்தில் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். எச்சில், பால், சாணம், தீவனத் தொட்டி, வண்டிச் சக்கரம், கறந்தவர் கை, கட்டியிருந்த லுங்கி என எல்லாமே அதற்கு வாகனம்தான்.

பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பத்து லிட்டர் கறந்த மாடு நான்கு லிட்டருக்கு இறங்கி, அந்த ஈத்து முழுக்க அப்படியே நின்றுவிடலாம். வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும். பால் குடிக்கும் கன்றுகளுக்கு இது இதயத்தையே தாக்கும். காலையில் துள்ளிய கன்று மாலையில் விழுந்து கிடக்கும். பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

தோல் கழலை நோயை, அதாவது மாட்டு அம்மையை, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019-ல் ஒடிசாவில்தான் இந்தியாவில் முதலில் தெரிய வந்தது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் என்று பரவியபோது, அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் இறந்தன. ஈ, கொசு, உண்ணி கடித்துப் பரவும் நோய் இது. ஈயும் கொசுவும் தானாக எவ்வளவு தூரம் பறந்துவிடும்? ஆயிரம் மைல் தாண்டி நோய் போனதென்றால், அதை ஏற்றிக்கொண்டு போனது பெரும்பாலும் லாரிதான். அதனால்தான் அந்த வருஷம் பல மாநிலங்கள் மாட்டுச் சந்தைகளை மூடின, எல்லை தாண்டி மாடு வருவதற்குத் தடை போட்டன. இந்த நோய்க்குக் கிருமி நுழைந்து அறிகுறி காட்டுவதற்கு இருபத்தெட்டு நாள்வரை ஆகலாம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாட்டோடு மட்டும் நிற்காத நோயும் இருக்கிறது. புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய். சினை மாடு ஏழு, எட்டு மாதத்தில் கன்றை வீசிவிடும். அதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுத்துப் போடுகிறவருக்கும், அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறவருக்கும் நோய் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, சோர்வு என்று மாதக்கணக்கில் படுத்தும். ஆகவே வீட்டில் மாடே இல்லாத வாசகர்களே, இது உங்கள் காபி டம்ளர் வரைக்கும் வருகிற விஷயம்தான். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தில் கால்நடைப் பராமரிப்பும் கால்நடை நோய்த் தடுப்பும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மனிதர், விலங்கு, பயிர் மூன்றுக்கும் சேர்த்துத்தான். கிராமத்துக்குள் மாடு கை மாறுவது ஒரு விஷயம், அது எல்லை தாண்டுவது வேறு விஷயம் என்று அப்போதே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1978-ல் மத்திய அரசு விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. ரயிலோ லாரியோ, மாட்டை ஏற்ற வேண்டுமானால், தகுதி பெற்ற கால்நடை மருத்துவரின் சான்று கூடவே போக வேண்டும். பயணத்தைத் தாங்கும் உடல்நிலை, தொற்றுநோய் இல்லை, ஒட்டுண்ணி நோய் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சான்று இல்லையென்றால் வண்டிக்காரரே மாட்டை ஏற்ற மறுக்க வேண்டும். எல்லைச் சாவடியில் கேட்பது அப்புறம். முதலில் கேட்க வேண்டியவர் டிரைவர்.

அந்தச் சான்றுப் படிவத்தில் ஒரு வரி உண்டு. வண்டி புறப்படுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மாட்டை நேரில் பரிசோதித்தேன் என்று டாக்டர் எழுத வேண்டும். போன வாரம் வாங்கிய சான்றைக் காட்டி இந்த வாரம் மாடு ஏற்ற முடியாது.

2009-ல் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. கோமாரி, அடைப்பான், கருச்சிதைவு நோய், ஆட்டுக்கொல்லி, வெறிநோய் என்று நீண்ட பட்டியல் அதில் உண்டு. பட்டியலில் உள்ள நோய் தன் மாட்டுக்கு வந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலே உரிமையாளர் ஊர் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த மாட்டைத் தனியே கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கோ சந்தைக்கோ ஓட்டக் கூடாது. செத்த மாட்டை ஏரியிலோ வாய்க்காலிலோ போடக் கூடாது. ஒரு பகுதியை அரசு ‘கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று அறிவித்துவிட்டால், அங்கிருந்து மாடு வெளியே போகத் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போடாமலேயே போட்டதாகச் சான்று கொடுப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

மாட்டோடு முடியவில்லை. 2022-ல் வயநாட்டில் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, நம் பக்கத்து எல்லையிலும் பன்றி வண்டிகளை நிறுத்தினார்கள். ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் கோழி, வாத்து, முட்டை வண்டிகள் திருப்பி அனுப்பப்படுகின்றன, சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடிக்கிறார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களைக் கேளுங்கள், அந்த மருந்து வாசனையின் அருமையைச் சொல்வார்கள்.

அந்தச் சாவடியின் கதை

இந்தச் சாவடிகளெல்லாம் காசு பிடுங்கத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவை எதற்காக வந்தன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘வெக்கை’ என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள்.

வெக்கை நோய் ஒரு ஊருக்குள் நுழைந்தால் கொட்டகை கொட்டகையாகக் காலி செய்துவிட்டுப் போகும். ஏர் பூட்ட மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்த கதைகளை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1932-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்தது. 1954-ல் தேசிய அளவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். மாநில எல்லைகளில் சாவடி வைத்து, வருகிற மாட்டைச் சோதித்து உள்ளே விட்டார்கள்.

இந்தியாவில் கடைசியாக வெக்கை பதிவானது 1995-ல். அதுவும் நம் வடஆற்காடு பக்கத்தில்தான். 2006-ல் இந்தியாவுக்கு வெக்கை இல்லாத நாடு என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2011-ல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்குப் பிறகு, பூமியிலிருந்தே துடைத்தெறியப்பட்ட இரண்டாவது நோய் அது. 1978-ம் வருஷ விதிகளை எடுத்துப் படித்தால், ‘வெக்கைக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்’ என்ற வார்த்தைகள் இருக்கும். நோய் போய்விட்டது. அதைத் தடுத்த காகிதத்தில் பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

என் கையெழுத்து

இவ்வளவு சொல்கிற நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். எல்லையோரம் ஒரு சின்ன மருந்தகம். தெரிந்த வியாபாரி ஒருவர் ஆறு மாடுகளோடு வந்தார். அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும். மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. நான்கு மாடுகள் மரத்தடியில் நின்றன. அவற்றின் வாயைத் திறந்து, குளம்பைப் பார்த்து, ஜுரம் பார்த்து எல்லாம் செய்தேன். மற்ற இரண்டும் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தன. “இறக்குனா மறுபடி ஏத்துறது கஷ்டம் சார், அதுவும் இதே மாதிரிதான் இருக்கு” என்றார். நான் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். இரண்டும் அசை போட்டுக்கொண்டிருந்தன. ஆறு மாடுகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கத்து டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. உங்கள் சான்றோடு வந்த மாடுகளில் ஒன்றுக்குக் கோமாரி கண்டிருக்கிறது, இப்போது அந்தத் தெரு முழுக்க இருக்கிறது, உங்கள் பகுதியில் நோய் உண்டா என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், நான்கு கன்றுகள் இறந்துவிட்டன என்று இருந்தது.

நோய் கண்டது நான் பார்த்த நான்கில் ஒன்றா, பார்க்காத இரண்டில் ஒன்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்திருந்தாலும் அன்று ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாடுகளின் வாயை நான் திறந்து பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு, இறக்க முடியாது என்று சொன்ன எந்த வண்டிக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. சண்டை வந்திருக்கிறது, மேலிடத்திலிருந்து போனும் வந்திருக்கிறது. ஆனாலும் போட்டதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டாக்டர் பார்க்காமல் தரும் சான்றை வாங்காதீர்கள். ‘அம்பது ரூபா சேர்த்துக் குடுத்தா வேலை முடிஞ்சிடும்’ என்று தரகர் சொன்னால், அந்த ஐம்பது ரூபாயில் நீங்கள் வாங்குவது உங்கள் கொட்டகைக்கான நோயாகக்கூட இருக்கலாம். சாவடியில் காட்டிவிட்டுக் கிழித்துப் போடுவதற்கல்ல அந்தச் சான்று. வீட்டில் ஏற்கெனவே கட்டியிருக்கிற மாட்டுக்காகவும், பக்கத்து வீட்டுக் கன்றுக்காகவும்தான்.

மாடு வாங்கப் போகிறீர்களா?

வெளிமாநிலம் போவதற்கு முன்பு உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. போகிற பகுதியில் ஏதாவது நோய் இருக்கிறதா, தடை போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். நோய்க் காலத்தில் விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும்.

காதைப் பாருங்கள். மஞ்சள் நிறக் காது வில்லையில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். நமக்கு ஆதார் மாதிரி மாட்டுக்கு அது. அந்த எண்ணை வைத்து, எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்று டாக்டர் கணினியில் பார்த்துச் சொல்ல முடியும். வாங்கிய பிறகு உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வில்லையை அறுத்து எடுத்த மாடு என்றால், ஏன் எடுத்தார்கள் என்று கேளுங்கள். மாட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தாலும் வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கிடைக்காது.

கோமாரி ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். சந்தைக்குக் கிளம்புகிற அன்று காலையில் போட்ட ஊசி உடனே காப்பாற்றாது. உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊறக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் வேண்டும். கருச்சிதைவு நோய்க்கான ஊசியை நான்கு முதல் எட்டு மாத வயதுக் கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறை போடுகிறார்கள். வளர்ந்த மாடு வாங்கும்போது, முடிந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு மாட்டுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுக்கிறவர்கள் இதற்குத் தயங்கலாமா?

கன்று போட்டு மூன்று நாள்கூட ஆகாத மாட்டையும், வழியிலேயே கன்று போட்டுவிடக்கூடிய நிறைசினை மாட்டையும் ஏற்றக் கூடாது என்பது விதி. நொண்டும் மாடு, நலிந்த மாடு, பிறந்த கன்று எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும், அதாவது சுமார் இருபத்தொன்றரை சதுர அடி. குட்டி யானை வண்டியின் பின்பக்கம் சுமார் ஏழடி நீளம், ஐந்தடி அகலம். முப்பத்தைந்து சதுர அடி. கணக்குப் போட்டால் ஒரு மாடுதான் வருகிறது. இரண்டை ஏற்றுவது மாட்டுக்கும் கொடுமை, விதிக்கும் விரோதம். பெரிய லாரியானாலும் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. ஆடுகளுக்கு நாற்பது. தரையில் வழுக்காதபடி தேங்காய் நார்ப் பாயோ பலகையோ போட வேண்டும். மாட்டின் முகம் வண்டி போகும் திசையைப் பார்த்திருப்பது நல்லது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. செம்மறியும் வெள்ளாடும் ஒரே வண்டியில் வந்தால் நடுவில் தடுப்பு வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் மூன்று: விற்றவர் கையெழுத்திட்ட ரசீது, மாட்டின் அடையாளமும் வில்லை எண்ணும் எழுதிய டாக்டரின் சான்று, தடுப்பூசிச் சான்று. மூன்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மாடு வந்ததும் ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, பழைய மாட்டுக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுகிறோம். ஆரத்தி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டுவது தனி இடத்தில் இருக்கட்டும்.

சான்று என்பது அன்றைய நிலைக்குத்தான். டாக்டர் பார்த்தபோது உள்ளே ஒளிந்திருந்த நோய் பத்தாம் நாள் வெளியே வரலாம். மாட்டு அம்மைக்கு இருபத்தெட்டு நாள் கணக்கு சொன்னேன் அல்லவா? அதனால் முப்பது நாள் தனியே கட்டுவது உத்தமம். தண்ணீர்த் தொட்டி தனி, தீவனக் கூடை தனி, பால் வாளியும் தனி. பழைய மாடுகளைக் கறந்து முடித்த பிறகே புதிய மாட்டிடம் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணி இருக்கிறதா என்று காது, அக்குள், வால் இடுக்கில் தேடுங்கள். பயணக் களைப்பில் இருக்கும் கலப்பின மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். தினமும் காலையில் தீனி தின்கிறதா, அசை போடுகிறதா, பால் குறைகிறதா என்று பாருங்கள். எச்சில் நூல் மாதிரி வடிந்தால், நொண்டினால், தோலில் முடிச்சு தெரிந்தால் உடனே டாக்டர். ஒளிக்காதீர்கள். ஒளித்த நோய் ஊரோடு போகும்.

அந்த அம்மா என்ன செய்தார்?

விற்றவருக்கு அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. தரகரும் எடுக்கவில்லை. வண்டி டிரைவர் நல்ல மனிதர். அவருடைய சித்தி வீட்டில் பட்டுப்புழு வளர்க்காமல் சும்மா கிடந்த ஒரு கொட்டகை இருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு மாடு இல்லை. அந்த ஊர் டாக்டர் நேரில் வந்து பார்த்துச் சம்மதித்த பிறகு, இரண்டு மாடுகளையும் அங்கே கட்டினார்கள். அந்த அம்மாவின் கணவர் கூடவே தங்கினார்.

மூன்றாம் நாள் காலையில் ஜுரம் கண்ட மாட்டின் வாயில் நூல் நூலாக எச்சில். நாக்கில் கொப்புளம். ஒன்பதாம் நாள் அடுத்த மாட்டுக்கும் வந்தது. கோமாரியேதான். டாக்டர் மேலே தகவல் கொடுத்து, சுற்றுவட்டாரத்தில் ஊசி போட ஏற்பாடு செய்தார்.

ஒன்றரை மாதம் போயிற்று. கொட்டகைக்கும் தீவனத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவு, கறக்காமல் போன பால், கடன் தவணை எல்லாம் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் முதுகை ஒடித்துவிட்டது. இரண்டும் பிழைத்தன. டாக்டர் பரிசோதித்துச் சான்று கொடுத்த பிறகு, இரண்டு வண்டிகளில் தனித்தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று ஏழு லிட்டர் கறக்கிறது. மற்றொன்று ஐந்துகூடத் தேறவில்லை.

போன வாரம் அவரிடம் பேசினேன். அவர் வீட்டில் ஏற்கெனவே நான்கு மாடுகளும் ஒரு மாதக் கன்று ஒன்றும் இருந்தன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருவில் மட்டும் முப்பது மாடுகளுக்கு மேல் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் எல்லாம் ஒரே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

“அன்னிக்கு ராத்திரி அந்தச் சாவடிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன் சார். ஊருக்குள்ள விட்டிருந்தார்னா, இன்னிக்கு என்னை ஊரே திட்டியிருக்கும்” என்றார்.

பிறகு, “எங்க எதிர்வீட்டு அண்ணன் வர்ற ஞாயித்துக்கிழமை அதே சந்தைக்குப் போறாரு. அந்த ஊர் டாக்டர் நம்பரை எழுதிக் குடுத்திருக்கேன். வண்டியும் பெருசா பாருங்கன்னு சொல்லியிருக்கேன். அண்ணனுக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னதுல கோபம். இருக்கட்டும் சார்” என்று சிரித்தார்.

கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அதை ஏன் கேக்குறீங்க? காயப் போட்ட துணியெல்லாம் அது வாயிலதான் இருக்கு.”

அடுத்த வாரம், மழைக்காலத்தில் ஆடுகளுக்கு வரும் கழிச்சலைப் பற்றிப் பேசுவோம்.